பாதி விலையும் ஒருநாள் பட்டறையும்

தானமாக வந்த சைக்கிளைக் கப்பலேற்றும்முன் முதலில் பெடல்களைக் கழற்றுகிறார்கள். வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. இது தெரியாத புதுத் தொண்டர்கள் இடது பக்கம் ஸ்பேனரைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகித் திருகி, கழற்றுவதற்குப் பதில் இன்னும் இறுக்கிவிடுவார்கள். பெடல் வந்த பிறகு ஹேண்டில்பாரைத் தளர்த்திச் சட்டத்தோடு ஒட்டத் திருப்ப வேண்டும். இப்படி ஒடுக்கி அடுக்கினால் 40 அடி கன்டெய்னருக்குள் 400, 500 சைக்கிள்கள் போய்விடும்.

அமெரிக்காவில் இந்த வேலை பெரும்பாலும் தேவாலயம், பள்ளி, ரோட்டரி சங்கம் போன்றவற்றின் வாகன நிறுத்துமிடங்களில் நடக்கிறது. வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த சைக்கிளைக் கொண்டுவருபவர், கப்பல் செலவுக்கென்று ஒரு சிறு தொகையையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். நியூ ஜெர்சியின் ‘பெடல்ஸ் ஃபார் ப்ராக்ரெஸ்’ அமைப்பை 1991இல் தொடங்கிய டேவிட் ஷ்வைடன்பாக், இளவயதில் பீஸ் கோர் தொண்டராக ஈக்வடாரில் இருந்தவர். அவர் குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு தச்சர், சைக்கிள் வைத்திருந்தவர். மற்ற தச்சர்கள் நடந்துபோகும் தூரத்துக்குள் வேலை தேட, இவர் கருவிகளோடு எங்கும் போய்வந்தார். அந்த நினைவில் தொடங்கிய அமைப்பு இதுவரை 1,50,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை அனுப்பியிருக்கிறது.

சமயப் பணிக்கும் வாகனத்துக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பாதிரியார் ஒருவர், நோயுற்ற நேரத்தில் வேகமான வாகனம் கிடைக்காமல் இறந்துபோனார். அதன்பின் அவருடைய நண்பரான ஜெர்மன் பாதிரியார் பால் ஷுல்டே 1927இல் தொடங்கியதுதான் ‘மிவா’ அமைப்பு. ஷுல்டே விமானம் ஓட்டத் தெரிந்தவர். ஆனால் அவருடைய அமைப்பு விமானம், கார் என்று நிற்காமல், உபதேசியார்களுக்குச் சைக்கிள் வாங்கித் தரும் பணியையும் சேர்த்தே செய்துவருகிறது.

சைக்கிள் போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். கானாவில் 1999 முதல் இயங்கும் ‘வில்லேஜ் பைசிக்கிள் ப்ராஜெக்ட்’ இதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. சைக்கிள் இலவசமில்லை. ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பழுதுபார்க்கக் கற்றுக்கொள்பவருக்குப் பாதி விலையில் சைக்கிள். தர்ம காரியத்தில் விலைச்சீட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பட்டறை நடப்பதைப் பார்த்தால் அந்தக் கேள்வியின் வேகம் குறைந்துவிடும் என்றே எனக்குப் படுகிறது.

நான் பார்த்தது தேவாலய முற்றத்து மரநிழலில் நடந்த பட்டறை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் கையில் வளையல் மாதிரி ஒரு டியூப். காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். உப்புத்தாளால் தேய்த்தார், சொல்யூஷன் தடவினார். எல்லாருக்கும் உடனே ஒட்டைப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். “காயட்டும் அம்மா, காயட்டும்” என்று பக்கத்திலிருந்த பெண்ணின் கையைத் தடுத்தார். ஒட்டி முடித்ததும் டியூபை மாட்டப் போனவர்களை மறுபடியும் நிறுத்தினார். டயரின் உள்பக்கம் விரலை மெல்ல ஓட்டச் சொன்னார். குத்திய முள் அங்கேயேதான் இருந்தது. அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் கால் மைல் தாண்டுவதற்குள் அடுத்த பஞ்சர்.

மதியத்துக்கு மேல் சக்கரத்தின் கோட்டம் எடுப்பது. பிரேக் கட்டையை அளவாக வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, ரிம் எந்தப் பக்கம் உரசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் போக்ஸ் கம்பிகளைக் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்க வேண்டும். கை பழக ஒருநாள் போதாது. ஆனால் கடைக்காரர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிந்துவிடுகிறது. அது சின்ன விஷயமல்ல.

எந்தச் சைக்கிள் அங்கே பிழைக்கும் என்பதும் இந்தப் பட்டறைகளில்தான் தெரியும். 26 அங்குலச் சக்கரமுள்ள மலைச் சைக்கிளுக்கு டயர் அந்தந்த ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கும். மெல்லிய டயர் கொண்ட பந்தயச் சைக்கிள், பார்க்க லட்சணமாக இருந்தாலும், ஒரு டயர் கிழிந்தால் மூலையில் சாய வேண்டியதுதான். டிஸ்க் பிரேக்கும் ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். கொடுப்பவர் தம் வீட்டில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும் என்பது தானத்தின் இயல்பான குறை.

இந்தக் குறையைத் தவிர்க்க, பழையதைச் சேகரிக்காமல் அந்தச் சாலைக்கென்றே புதிதாகச் செய்யலாம் என்று கிளம்பியது ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்’. அதன் தொடக்கம் நமக்கு அருகில்தான். 2004 சுனாமிக்குப் பின் 2005இல், கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான வேர்ல்ட் விஷனோடு சேர்ந்து இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கினார்கள். அடுத்து ஜாம்பியா: எய்ட்ஸ் நோயாளிகளை வீடுவீடாகப் போய்க் கவனிக்கும் தன்னார்வலர்களுக்கு ஏறத்தாழ 23,000. அங்கே உருவான ‘பஃபலோ’ சைக்கிள் எடையில் 20 கிலோவைத் தாண்டும். பின் கேரியர் 100 கிலோ தாங்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். அறுந்துபோகக் கேபிள் கிடையாது. சைக்கிளோடு உள்ளூர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கருவிகளும் போகின்றன.

ஜாம்பியாவின் பள்ளித் திட்டத்தில் விலை இல்லை, ஒப்பந்தம் உண்டு. மாணவி, பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்திடுகிறார்கள்; படிப்பைத் தொடர்ந்தால் சைக்கிள் சொந்தமாகும். அதைக் கண்காணிக்க ஊரிலேயே ஒரு குழு இருக்கிறது. பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வசிக்கும் மாணவிகளிடம் நடந்த ஆய்வில், பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பள்ளிக்கு வராத நாட்கள் கால்பங்குக்கும் மேல் குறைந்தன. பாதி விலையா, ஒப்பந்தமா என்றால், கையில் கொஞ்சம் பணம் புரளும் பெரியவர்களுக்கு முதலாவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டாவதும் பொருந்தும் என்று சொல்வேன். இரண்டு நாடுகளிலும் மெக்கானிக்குகள் கேட்பது ஒன்றைத்தான்: சைக்கிள் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, டியூப், செயின், பிரேக் கட்டை தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.