எடின்பரோவில் ஒரு ஜன்னல்

டிசம்பரில் எடின்பரோவில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. 1767இல் ஜேம்ஸ் கிரெய்க்கின் திட்டப்படி எழத் தொடங்கிய நியூ டவுனில், ஒரு மணற்கல் வீட்டில் தங்கியிருந்தேன். உள்ளே பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. இருட்டியதும் வீட்டுக்கார அம்மாள் ஜன்னலோரத்து மரப்பலகையை இழுத்தார். சுவரின் அலங்காரம் என்று நான் நினைத்திருந்த அது, மடிப்பு மடிப்பாக விரிந்து கண்ணாடியை முழுக்க மூடியது. முகத்தில் அடித்துக்கொண்டிருந்த குளிர் சட்டென்று நின்றது! பல தலைமுறைப் பெயிண்டில் ஒட்டிக் கிடந்த அந்த ஜன்னல் கதவுகளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

ஒற்றைக் கண்ணாடி வழியே போகும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியை இக்கதவுகள் தடுப்பதாக ஸ்காட்லாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். உட்புறம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தினால் இன்னும் நல்லது. 1995 முதல் நியூ டவுன் உலகப் பாரம்பரியப் பகுதி. பழைய ஜன்னலை நினைத்தபடி பெயர்த்தெறிய முடியாது. அந்தக் கட்டுப்பாடு நல்லதற்கே என்று எனக்குத் தோன்றியது.

சுவர் இரண்டடி கனம். ஆனாலும் கல் வெப்பத்தைக் கடத்திவிடும். அதற்காக உட்புறம் நுரைப்பலகையை ஒட்டிவிட்டால் வினை வரும். அறைச்சூடு கிட்டாமல் கல் மேலும் குளிரும். சமையல், குளியல், மூச்சு இவற்றின் ஈரம் பலகை இடுக்கில் நுழைந்து கல்லின்மேல் நீராகப் படியும். மழையில் நனைந்த சுவரும் உள்பக்கம் உலர வழியில்லை. சுவரில் செருகிய உத்தர முனைகள் கண்ணில் படாமலே மக்கிப்போகும். அதனால் இங்கே மரநார்ப் பலகை பதித்துச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். அவை ஈரத்தை வாங்கி, திரும்ப விட்டுவிடும்.

ரேடியேட்டர்களின் திருகுத் தலையை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மின்சாரமே வேண்டாம். உள்ளிருக்கும் மெழுகு, அறை சூடானால் விரிந்து ஊசியை அழுத்தும், வெந்நீர் வரத்து குறையும். குளிர்ந்தால் சுருங்கி வழிவிடும். படுக்கையறைக்கு ஒரு சூடு, கூடத்துக்கு ஒரு சூடு.

பாய்லர் தண்ணீரின் சூட்டையும் குறைத்துவிட்டார்கள். திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் எரிபுகையிலுள்ள நீராவி நீராகி, தன் வெப்பத்தை வீட்டுக்கே கொடுக்கும், எரிவாயு மிச்சமாகும். முன்பு அந்த மிதச்சூடு கூடத்துக்குப் போதவில்லையாம். ஜன்னல் கதவுகளை மூடத் தொடங்கிய பிறகே போதுமானதாயிற்று என்றார் அந்த அம்மாள்.