பிரபை

ஆனி மாத மதியம். சிவகாசி வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அச்சகத்தின் மாடியறையில் மட்டும் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். தெருவில் அவ்வளவு வெளிச்சம் கொட்டிக் கிடக்க, உள்ளே நான்கு பேர் இருட்டில் உட்கார்ந்து வெளிச்சம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும். அதற்கு முன்னால் முருகன், லட்சுமி, பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா என எல்லாருக்கும் பின்னால் பிரபை ஏறியாக வேண்டும். இருபது ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கும் அக்காவிடம் என்னை ஒப்படைத்துவிட்டு அச்சகத்து அண்ணாச்சி கீழே இறங்கிப் போனார்.

“மொதல்ல இருட்டு போடணும் சார். ஆனா முழுக் கறுப்பு கூடாது” என்றார் அக்கா. போட்டோஷாப்பில் ‘கலர் டாட்ஜ்’ என்று ஒரு கலப்பு முறை உண்டு. கீழே இருக்கும் நிறத்தை ஊதிப் பெருக்குவது அதன் வேலை. கீழே சுத்தக் கறுப்பு இருந்தால் பெருக்க ஒன்றுமில்லை. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. ஆகவே அவர் கருநீலத்தைத் தீற்றி, அதன்மேல் ‘கிளவுட்ஸ்’ ஃபில்டரைப் போட்டுப் புகை கிளப்பினார். பிறகு பென் டூலால் வளைந்த ஒரு கோடு. இரு நுனியும் மெலிந்து நடுவில் தடித்த கோடு. அதை நகலெடுத்து லேசாக மங்கவைத்தார். இன்னொரு நகல், இன்னும் அதிக மங்கல். மூன்றாவது நகல் கோடாகவே தெரியவில்லை, வெறும் மூட்டமாக இருந்தது. எல்லாவற்றையும் ‘ஸ்கிரீன்’ முறைக்கு மாற்றியதும் கோடு எரியத் தொடங்கியது. ஒரே சுவரில் இரண்டு புரொஜெக்டரைச் சேர்த்து அடித்தால் எப்படியோ, அந்தக் கணக்குதான் ஸ்கிரீன்.

கதிர்கள் செய்யும் வித்தை இன்னும் வேடிக்கை. கறுப்புப் பட்டையில் நெட்டுக்குத்தாக வெள்ளைக் கோடுகள். ‘போலார் கோஆர்டினேட்ஸ்’ என்று ஒரு தட்டு. சேலை மடிப்பைச் சுருட்டி விசிறி செய்தாற்போல, கோடுகள் அத்தனையும் ஒரு புள்ளியிலிருந்து விரிந்துவிட்டன.

எனக்கும் கை துறுதுறுத்தது. வேல் ஒன்றை வரைந்து, சுற்றிலும் ‘அவுட்டர் குளோ’ வைத்தேன். எட்டிப் பார்த்த பையன் ஒருவன், “டியூப் லைட் மாதிரி இருக்கு சார்” என்றான். உண்மைதான். அக்கா சிரிக்கவில்லை. “வெளிச்சம் இருக்கு, ஆனா யாரு மேலயும் படலையே” என்றார். பிறகு முருகனின் காது மடல், தோள்வளை, மயில் கழுத்து என ஓரங்களில் மட்டும் மெல்லிய தூரிகையால் இளமஞ்சள் தடவினார். இருபது நிமிடம் பிடித்தது. பிரபைக்கு ஐந்து நிமிடம்தான் செலவழித்திருந்தார். பேனர்களில் தலைவர்களுக்குப் பின்னால் ஒட்டவைக்கிற சூரியன்கள் ஏன் சூரியனாகத் தெரிவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தச் சூரியனால் யாருடைய காதும் சிவப்பதில்லை.

மூலை மேசையில் ஒரு பெரியவர். கணினி வருவதற்கு முன் ஏர் பிரஷ்ஷால் பிரபை அடித்தவர். கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியதாகச் சொன்னார். நாடகத் திரைச்சீலை வரைந்து, பிறகு காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்த கொண்டையராஜு 1976இல் காலமானார். அவர் பெயரைச் சொல்லும்போது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியவருக்குப் பிடிக்காத ஒரே சாமான் ‘லென்ஸ் ஃபிளேர்’. “கேமரா கண்ணாடிக்குள்ள வெளிச்சம் முட்டி மோதுற கோளாறு அது. அதப் போய் சாமி தலைக்குப் பின்னால எதுக்கு வைக்கணும்?” அவர் சொல்வது சரி. 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பை உருவாக்கிய நோல் சகோதரர்களில் ஜான், ஹாலிவுட் படங்களுக்குத் தந்திரக் காட்சிகள் செய்தவர். அங்கே அந்தக் கோளாறு தேவைப்பட்டது. கணினியில் செய்த விண்கலத்தைக் கேமராவே எடுத்ததாக நம்பவைக்க அது உதவியது. பழநியில் நிற்பவருக்கு அந்தச் சாட்சி எதற்கு?

மாலை நான்கு மணிக்குத்தான் உண்மையான வேலை தொடங்கியது. திரையில் எரிவது ஒளி. தாளில் ஏறுவது மை. சிவப்பு, பச்சை, நீலத்தில் செய்த படத்தை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளுக்கு மாற்றினார் அக்கா. கண் முன்னாலேயே படம் அணைந்தது. மின்னிய நீலம் சாம்பல் பூசிக்கொண்டது. மயில் பச்சை சோர்ந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் அசரவில்லை, இதை எதிர்பார்த்தே நிறம் வைத்திருந்தார். திரையில் மஞ்சளொளியும் நீலவொளியும் கலந்தால் வெளுப்பு. தாளில் மஞ்சள் மையும் நீல மையும் கலந்தால் பச்சை. நீலப் பின்னணியில் மஞ்சள் பிரபை வைத்தால் இரண்டும் சந்திக்கிற இடத்தில் பாசி படிந்தாற்போல ஒரு வளையம் விழும். அதைத் தவிர்க்க நடுவில் காவியும் குங்குமச் சிவப்பும் வைத்து, நீலத்துக்கு மெல்ல இறங்க வேண்டும். ஒரு நிறத்துக்கு 256 படிதான் என்பதால், அகலமான பிரபையில் அந்தப் படிகளே மரவளையம்போலத் தெரியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புள்ளிக் குப்பையைத் தூவி அதை மறைத்தார்.

இருட்டுக்கும் ஓர் அளவு இருக்கிறது. வெளிச்சம் தூக்கித் தெரியட்டும் என்று நான்கு மையையும் அள்ளிப் போட்டால் தாள் காயாது; அடுக்கில் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். நான்கும் சேர்ந்து 300 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போதெல்லாம் வாடிக்கையாளர்களே செயற்கை நுண்ணறிவில் படம் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்களாம். “நல்லாத்தான் சார் இருக்கும். ஆனா மூணு பக்கமிருந்தும் விடியும்” என்றார் அக்கா. அதைத் திருத்துகிற கூலி, புதிதாகச் செய்கிற கூலியைவிடக் குறைவு. வேலை என்னவோ கூடுதல்.

மறுநாள் காலை கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்மேன் ஒரு தாளை உருவி மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். ஓரத்தில் சயானும் மெஜந்தாவும் கறுப்புமாகப் புள்ளிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. உள்ளே போகப் போக அவை சிறுத்தன. மெஜந்தாவும் மஞ்சளும், பிறகு மஞ்சள் மட்டும் கடுகுபோல. முருகனின் தலைக்குப் பின்னால், படத்திலேயே மிகப் பிரகாசமான இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் கண்ணாடியை நகர்த்தி நகர்த்தித் தேடினேன்.

“அங்க ஒண்ணும் கிடையாது சார். பேப்பர்தான்” என்றார் மெஷின்மேன்.

அதற்குள் அக்கா படியிறங்கி வந்து என் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார். “அண்ணே, மஞ்சளக் கொஞ்சம் இறக்குங்க. மயில் கழுத்துப் பக்கம் பச்சையடிக்குது.”

எனக்குத் தெரியவில்லை. மெஷின்மேனுக்குத் தெரிந்தது, திருகைத் தொட்டுவிட்டு, இன்னொரு தாளை உருவினார்.