மழைக்குப் பொறுப்பு யார்?

கணவனையே தெய்வமாகத் தொழுபவள் சொன்னால் மழை பெய்யும். 55ஆம் குறளுக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள் இது. இதை ஏற்கக் கூச்சப்பட்ட பிற்கால உரைகாரர் சிலர், அவள் மழையை வரவழைப்பவள் அல்ல, வேண்டும்போது பெய்யும் மழை போன்றவள் என்றார்கள். ஆண்டுதோறும் இரண்டு உரைகளையும் வகுப்பில் நடத்துகிறேன். முதலாவதில் மழையைக் கொண்டுவரும் வேலை நமக்கு. இரண்டாவதில் மழையாகவே இருக்கும் வேலை. விடுப்பு இரண்டிலும் இல்லை.

2019 கோடையில் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு சென்னை தவித்தது. மழை வேண்டி யாகம் நடத்தும்படி அறநிலையத்துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பத்தினிகளுக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. வருண ஜபத்துக்காக அண்டாக்களில் நீர் நிரப்பி ஆண்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். பெண்கள் காலிக் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

அவசரத்துக்கு யாரும் நம்பாத ஓர் ஆற்றலை நம்மிடம் ஏன் ஓயாமல் புகழ்கிறார்கள்? புகழ்ச்சிக்குச் சம்பளம் தர வேண்டாம். ‘நீ தெய்வம்’ என்று சொல்லிவிட்டால் குடத்துக்குக் கை கொடுக்கவும் வேண்டாம். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்குமா என்ன?

“மழை வரலைன்னா பழி யாருக்கு, மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பே சிரித்தது, விடை எல்லோருக்கும் தெரியும். பெய்தால் அறத்துக்குப் பெருமை, பொய்த்தால் அவள் கற்பில் குறை. வினாத்தாள் வானத்தில், மதிப்பெண் போடுவது ஊர். இந்தத் தேர்வுக்கு நுழைவுச்சீட்டு வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.