டோம்பிவிலியில் ஒரு வீடு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் என்னை அணுகி, "மாமா, கையில் சிறிது பணம் சேர்ந்திருக்கிறது. வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் முதுமையில் உதவுமா?" என்று வினவினார். ஒரு சொல்லில் விடையிறுக்க என்னால் இயலவில்லை. அன்று சொல்ல விட்டுப்போனதை நேயர்களுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

1996-ஆம் ஆண்டில் டோம்பிவிலியில், ஓர் அறையும் சமையலறையும் கொண்ட தரைத்தள வீட்டை 3,50,000 ரூபாய்க்கு வாங்கினேன். கைப்பணம் 1,50,000, அதில் பெரும்பகுதி என் மனைவியின் நகை. எஞ்சியது நூற்றுக்கு 15 வட்டியில் கடன். முதலாண்டு வட்டி மாத்திரம் 30,000. வாடகையோ மாதம் 1,500 வீதம் ஆண்டுக்கு 18,000. பத்திரப் பதிவுக்கு முதல் நாளிரவு மனைவி இக்கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினாள். "வீடு நமக்குச் சோறு போடும் என்றீர்கள். நாமல்லவா வீட்டுக்குச் சோறு போட வேண்டியிருக்கிறது!" என்றாள். முற்றிலும் மெய். 2007-இல் கடன் தீரும்வரை அவ்வாறே போட்டோம்.

மாதுங்காப் பெரியவர்கள் அந்நாளில் என்னை வேறுவிதமாக அச்சுறுத்தினர். "குடிவைத்தால் வீடு போயிற்று" என்பது அவர்கள் வாக்கு. காரணமும் இருந்தது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வாடகைகளை 1940-ஆம் ஆண்டு நிலையிலேயே கட்டிப்போட்டது. பகடி கொடுத்துக் குடிபுகுந்தோர் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். வாடகை போதாத உரிமையாளர்களோ கட்டடத்தைப் பழுதுபார்ப்பதையே விட்டனர். 2000 மார்ச் 31 முதல் நடைமுறையிலுள்ள மகாராஷ்டிரச் சட்டத்தில் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தே தீரவேண்டும். பதிவு இல்லாவிடின், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, செல்லும். முகதாட்சண்யத்தால் ஒருமுறை எழுத்தில்லாமல் ஒருவரைக் குடிவைத்தேன். அவர் நல்லவர்தாம், ஆயினும் ஐந்து மாத வாடகையை நிறுத்திவிட்டு ஒருநாள் பூட்டிய கதவை எனக்கு விட்டுச் சென்றார்.

அவருக்குப்பின் வந்தவர் சாத்தாராவைச் சேர்ந்த பள்ளியாசிரியர். 2005 ஜூலை 26 வெள்ளத்தில் அவ்வீட்டினுள் இடுப்பளவு நீர். அரிசி, படுக்கை, பிள்ளைகளின் புத்தகங்கள் யாவும் போயின. கடன் தவணை நிற்காதே என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, மனைவி என்னைக் கலவாமலே, "மூன்று மாதம் வாடகை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபந்தான். அவ்வாசிரியர் அதன்பின் பதினோராண்டுகள் இருந்தார். ஒரு மாதமும் வீடு காலியாகக் கிடக்கவில்லை, தரகருக்கு ஒரு காசும் போகவில்லை.

இப்போது வாடகை 9,000. சொசைட்டிப் பராமரிப்பும் நகராட்சி வரியும் என் பொறுப்பு. வருமான வரிக்கு, செலுத்திய நகராட்சி வரி போக எஞ்சியதில் நூற்றுக்கு 30 கழிவு கிடைக்கிறது. பழுதுபார்க்க அதைவிட அதிகம் ஆனாலும் கழிவு அவ்வளவே. விற்றால் 38 லட்சம் வரும் என்கிறார்கள். அப்படியானால் வாடகை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. வங்கி வைப்பில் இதைவிட மிகுதி. எனினும் 1,500 ஆக இருந்தது 9,000 ஆயிற்று என்பதையும், நகைக்கடையிலிருந்து திரும்பிய நாளில் மனைவியின் வெறுங்கைகளையும் சேர்த்தே நான் கணக்கிடுகிறேன்.

கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாமா என்று சொசைட்டி சம்மதம் கேட்டிருக்கிறது. விற்றுவிடலாம் என்கிறாள் மனைவி, எனக்கு மனமில்லை. வரும் ஞாயிறன்று அவ்விளைஞரை இல்லத்துக்கு அழைத்திருக்கிறேன். 1996-இல் எழுதிய அந்தத் தாளைப் பத்திரக் கட்டிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள். கணக்கைத் தானே காட்டுவாளாம்.