செல்லாக் காசின் மதிப்பு

பார்த்தால் சாதாரணச் செம்புக் காசு. ஒரு பக்கம் ஒரு மளிகைக் கடைக்காரரின் பெயர், ஊர்; மறு பக்கம் 1863 என்ற ஆண்டு. எந்த அரசும் வெளியிடாத இந்த டோக்கனுக்காகத்தான் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஏலத்தில் போட்டி போடுகிறார்கள்.

எல்லாம் சில்லறைத் தட்டுப்பாட்டால் வந்தது. 1861ல் உள்நாட்டுப் போர் மூண்டதும் மக்கள் தங்கம், வெள்ளி நாணயங்களைப் பதுக்கினார்கள். 1862ல் ஒரு சென்ட் காசுகூட மறைந்துபோனது. தபால் தலையைச் சில்லறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அது கையில் ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கடைக்காரர்களே காசு அடிக்க ஆரம்பித்தார்கள். சின்சினாட்டி, நியூயார்க் பட்டறைகளுக்கு ஆர்டர்கள் குவிந்தன. மொத்தம் 2.5 கோடி டோக்கன்களாவது புழங்கியிருக்கும் என்பது மதிப்பீடு.

இவற்றுக்கு ஒரே உத்தரவாதம் கடைக்காரரின் வாக்கு. அதை எல்லோரும் காப்பாற்றவில்லை. நியூயார்க் மதுக்கடைக்காரர் குஸ்டாவஸ் லிண்டன்முல்லர் 10 லட்சத்துக்கும் அதிகமான டோக்கன்களைப் புழக்கத்தில் விட்டார். டிக்கெட்டுக்கு அவற்றை வாங்கிக்கொண்ட தேர்டு அவென்யூ ரயில் கம்பெனி மாற்றித் தரச் சொன்னபோது கையை விரித்துவிட்டார். 1864ல் தனியார் காசுகளுக்கு அரசு தடை போட்டது.

செல்லாமல் போன பிறகுதான் அவற்றுக்கு மவுசு. ஆர்-1 முதல் ஆர்-10 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஆர்-10 என்றால் உலகில் ஒன்றே ஒன்று. ஆனால், இந்த அபூர்வங்களில் ஒரு வேடிக்கை உண்டு. போர் நடந்தபோதே சேகரிப்பாளர்களுக்கென்று வெள்ளியில், பொருந்தாத அச்சுகளை ஜோடி சேர்த்து, ஒன்றிரண்டு மட்டும் அடித்து விற்ற பட்டறைகள் இருந்தன. அந்தப் பளபளப்பான காசு ஒரு ரொட்டிகூட வாங்கியதில்லை.

மெல்வின் ஃபுல்டும் மகன் ஜார்ஜும் தயாரித்த பட்டியலில் கடை டோக்கன்கள் மாநில வாரியாக, ஊர் வாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அதில் ஒருவர் தன் சொந்த ஊரைத் தேடிப் பிடிக்கலாம். தன் தெருவில் கடை வைத்திருந்தவரின் பெயர்கூடக் கண்ணில் படலாம். கையில் இருக்கும் பணத்துக்கு அந்தத் தேய்ந்த செம்பை வாங்குவதா, பளபளக்கும் வெள்ளியை வாங்குவதா? லாபக் கணக்கு பார்ப்பவர் வெள்ளியை எடுப்பார். செம்பை எடுப்பவருக்குக் கிடைப்பது, முன்பின் தெரியாத பலர் ஒரு கடைக்காரரை நம்பிக் கை மாற்றிய காசு.