இளையவனுக்கு யார் உத்தரவாதம்?



'புரவலர்' என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் அழைப்பிதழ்களிலும் பெயர்ப்பலகைகளிலுமே காண்கிறோம். பணம் கொடுத்தவர் என்பதே நமக்குப் பழகிப்போன பொருள். ஆனால் பிள்ளைகளுக்குப் புரவலராயிருப்பது பணத்தோடு முடிகிற காரியமா? இந்த வாரம் இதைக்குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டி ஒரு சோதனை முகாம் நடத்தினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே அணிகளில் சேர்ந்து பழகினார்கள். அதிலிருந்து வளர்ந்த சாரணர் இயக்கம் 1910இல் அமெரிக்காவிலும் நிறுவப்பட்டது. அந்நாட்டில் ஒவ்வொரு சாரணர் படையையும் உள்ளூர் அமைப்பு ஒன்று சாசனம் பெற்றுத் தன் பொறுப்பில் நடத்துவது வழக்கமாயிற்று. ரோட்டரி, அரிமா, கிவானிஸ் போன்ற சேவைச் சங்கங்களும் திருச்சபைகளும் இப்படிப் பல படைகளை ஏற்றுக்கொண்டன.

அந்தச் சாசனம் கேட்பது நன்கொடையை மட்டுமல்ல. பிள்ளைகள் கூடுவதற்கு இடம் தரவேண்டும். படையை மேற்பார்வையிடக் குழு அமைக்கவேண்டும். சாரணர் மன்றத்தோடு தொடர்புகொள்ளத் தன் பிரதிநிதி ஒருவரை நியமிக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைகளை நடத்தும் பெரியவர்கள் இன்னாரென்று ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கவேண்டியது அந்த அமைப்பின் கடமை.

இந்தக் கடமை எவ்வளவு பாரமானது என்பதை அந்நாடு கண்ணீரோடு கற்றுக்கொண்டது. 2020 பிப்ரவரியில் அமெரிக்கச் சாரணர் அமைப்பு திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அவ்வழக்கில் 82,000க்கும் அதிகமானோர், சிறுவயதில் தங்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையைக் குறித்து முறையிட்டார்கள். படைகளுக்குப் புரவலராயிருந்த திருச்சபைகளும் பதில்சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின்பு, இடத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சாசனப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்ட சபைகளும் உண்டு. அவர்களுடைய அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வதால் பிள்ளைகள் பாதுகாக்கப்படுவார்களா? பதிவுபெற்ற பெரியவர் இருவராவது எப்போதும் உடனிருக்கவேண்டும், எவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கலாகாது என்று அவ்வமைப்பு விதித்திருக்கிறது. இந்த விதியைக் காக்கப் பெரியவர்கள் அதிகமாக வரவேண்டும், குறைவாக அல்ல.

இதை எண்ணும்போது ஆதியாகமத்தின் யூதா என் நினைவுக்கு வருகிறான். பஞ்சகாலத்தில் பென்யமீனை எகிப்துக்கு அனுப்ப யாக்கோபு அஞ்சினான். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் தன் இரண்டு குமாரரைக் கொன்றுவிடலாம் என்றான் ரூபன். தகப்பன் அதற்கு இணங்கவில்லை. யூதாவோ, இவனுக்கு நானே உத்தரவாதி, என்னிடத்தில் கேளும் என்னும் பொருள்படப் பேசினான். ரூபன் மற்றவர்களைப் பணயம் வைத்தான். யூதா தன்னையே வைத்தான். பின்பு எகிப்திலே பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்பட்டபோது, தகப்பனுடைய கண்களுக்கு எட்டாத அந்தத் தூரதேசத்திலும், இளையவனுக்குப் பதிலாகத் தான் அடிமையாயிருப்பதாக யூதா முன்வந்தான். வீட்டில் கொடுத்த வாக்கு அங்கேதான் சோதிக்கப்பட்டது.

அன்பானவர்களே, உத்தரவாதம் நமக்குப் புதிதல்ல. ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானப்பெற்றோராக நிற்கிறவர்கள் அதைத்தானே செய்கிறார்கள்? அவர்களுடைய பெயர்களை நான் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகள் திடப்படுத்தலுக்கு ஆயத்தமாக என் முன் அமரும்போது, "உன் ஞானப்பெற்றோர் யார்?" என்று கேட்பதுண்டு. சிலர் மகிழ்ச்சியோடு பெயர் சொல்லுவார்கள். சிலர், "அம்மாவிடம் கேட்டுச் சொல்லுகிறேன், ஐயா" என்பார்கள். அந்தப் பதில் என் உள்ளத்தை வருத்துகிறது. அந்த நாளில் பரிசளித்தவர்கள் உண்டு, புகைப்படத்தில் நின்றவர்களும் உண்டு. பிள்ளை அறிந்த மனிதராக ஒருவரும் இல்லை.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஞானப்பெற்றோராக நின்ற பிள்ளையை இந்த வாரம் பெற்றோரோடு சந்தித்துப் பேசுங்கள். நம்முடைய ஓய்வுநாள் பள்ளியிலோ வாலிபர் கூடுகையிலோ ஒரே ஒருவர் பிள்ளைகளை நடத்திக்கொண்டிருந்தால், இரண்டாவது ஆளாகச் சென்று அமருங்கள். பாடம் நடத்தத் தெரியவேண்டும் என்பதில்லை. விழிப்போடு உடனிருந்தால் போதும். பிள்ளைகளை நடத்துகிறவர்களைக் குறித்துப் பெற்றோர் கேள்வி கேட்டால் அதை அவமதிப்பாக எண்ணாதிருப்போம். ஆயராகிய என்னையும் கேளுங்கள்.

நமக்காக ஆண்டவர் தம்மையே உத்தரவாதமாக ஒப்புக்கொடுத்தார். அவர் நம் கையில் தந்திருக்கும் இளையோருக்கு உண்மையுள்ளவர்களாயிருக்க அவரே நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.