மட்டாஞ்சேரியில் ஓர் இசை மாலை

கொச்சிக்குச் செல்லும் நம்மவர் பலரும் சீன வலைகளையும், 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் தொழுகைக் கூடத்தையும் கண்டு, மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் ஏலமும் வாங்கிக்கொண்டு, பொழுது சாயுமுன் எறணாகுளத்துக்குப் படகேறிவிடுவர். அவர்கள் கேளாமல் வருவது ஒன்று உண்டு. பண்டகசாலைகள் கதவடைத்த பின்னர் மாடியறைகளில் எழும் பாட்டே அது.

மட்டாஞ்சேரி, பல திசையினரும் வந்து குடியேறிய ஊர். குஜராத்தியர், கொங்கணியர், கச்சி மேமன்கள், தக்கணி உருது பேசுவோர் எனப் பலரும் மலையாளிகளோடு அடுத்தடுத்து வாழ்கின்றனர். அருகே கோட்டைக் கொச்சியில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த சலவைத் தொழிலாளரின் வழியினர் இன்றும் சலவைத்துறை நடத்தி வருகின்றனர். இத்தனை மொழியினரையும் ஒரே பாயில் அமர்த்தியது 'மெஹ்ஃபில்' என்னும் இசைக்கூட்டம்.

அம்மரபில் முதலிற் போற்றத்தக்கவர் மெஹபூப் (1926–1981). 1954-இல் வெளிவந்த 'நீலக்குயில்' படத்திலும் பாடினார். திரைக்குப் பாடியவை சிலவே. திருமண வீடுகளிலும் மன்றங்களிலும் பாடியவையோ மிகப் பல. மற்றவர், மட்டாஞ்சேரியிற் பிறந்த உம்பாயி. இப்ராகிம் என்பது அவர் இயற்பெயர். பிழைப்புக்காகப் பம்பாய் சென்றவர், தபலாவும் இந்துஸ்தானி இசையும் பயின்று மீண்டார். உருதுக்கே உரியதென எண்ணப்பட்ட கஜலை மலையாளத்துக்கு உரியதாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஓ. என். வி. குறுப்பு, சச்சிதானந்தன் ஆகியோரின் கவிதைகளுக்குத் தாமே இசையமைத்து, ஆர்மோனியம் வாசித்துப் பாடினார். 2018 ஆகஸ்டு முதல் நாள் அவர் மறைந்தார், பாட்டு மறையவில்லை.

அண்மையில் ஒரு மாலை அத்தகைய மாடியறை ஒன்றில் அமர்ந்திருந்தேன். ஆர்மோனியம், தபலா, முப்பது பேர், அவ்வளவே. பாடகர் உம்பாயியின் பாட்டொன்றை எடுத்து, ஓர் அடியை நான்கு விதமாய்த் திருப்பித் திருப்பிப் பாடினார். ஒவ்வொரு திருப்பத்திலும் பொருள் சற்றே மாறி ஒளிர்ந்தது. கேட்போர் 'வாஹ்' என்று வியக்கும்போதெல்லாம் அவர் குரல் மேலும் குழைந்தது. கேட்பவரும் சேர்ந்தே பாட்டை ஆக்குகின்றனர் என்பதை அங்கே உணர்ந்தேன்.

என்னருகில் முழங்காலில் தாளமிட்டிருந்த முதியவர் ஒருவர், இடைவேளையில் தூய தமிழில் ஊர் விசாரித்தார். மலையாளப் பாட்டெல்லாம் மனப்பாடமாயிற்றே என்று வியந்தேன். "வீட்டில் பேசுவது தமிழ், ஐயா, இங்கே பாடுவது எல்லார் மொழியும். ஒன்று வந்தால் மற்றொன்று போய்விடுமா?" என்றார்.

அயலூரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழை மறப்பரோ என்று நாம் அஞ்சுகிறோம். அவர்கள் பிறமொழி கற்பதால் தமிழ் தேய்வதில்லை. வீட்டில் தமிழைப் பாடவும் கேட்கவும் ஆளில்லாதபோதே தேய்கிறது. கருவியில் ஒலிக்கும் பாட்டு, நம் குழந்தையின் தவற்றைத் திருத்தாது. 'சபாஷ்' என்று தட்டிக் கொடுக்கவும் செய்யாது. திங்களுக்கு ஒரு மாலை, நம் இல்லங்கள் ஒன்றில் பாய் விரித்து அமர்வோம். அண்டை வீட்டாரையும் அழைப்போம். அவர் மொழிப் பாட்டையும் கேட்போம். அதற்கு மண்டபமும் வேண்டா, மேடையும் வேண்டா என்பதற்கு மட்டாஞ்சேரியே சான்று.